டாக்டரம்மா ஸ்டியரிங்கில் உன் சீப்பு

என் ராஜம்மாவுக்கு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன். நம்புகிறாயா? மாலை வகுப்பில் இப்போதுதான் எனக்கு முழு வாக்கியம் எழுத வந்திருக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இருக்கட்டும், உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

நான் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது ரிச்சர்ட்ஸ் டவுன் டாக்டரம்மாவுக்கு விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் நினைவிருக்கிறதா? நம் சின்னவன் பிறக்க உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி. அதன் ஸ்டியரிங் வளையம் வெயிலில் காய்ந்து சுற்றிலும் வெடித்துவிட்டது. உள்ளே இரும்புக் கம்பி நன்றாகத்தான் இருந்தது. மேலே மூடிய செல்லுலாய்டு பிளந்து டாக்டரம்மாவின் உள்ளங்கையைக் கிழித்தது. பிரசவம் பார்க்கிற கை அது. புது வளையமோ எங்கேயும் கிடைக்கவில்லை.

“சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான் முனுசாமி. வண்டியைக் குடுத்துடலாம், போதும்” என்றார் டாக்டரம்மா.

இத்தனை வருஷம் நான் பார்த்துக்கொண்ட வண்டியை ஒருவன் உடைப்பதா? சனிக்கிழமைவரை பொறுங்கள் என்று கேட்டு, வளையத்தைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

சீப்பும் அதே செல்லுலாய்டுதான். தெருவெல்லாம் கேட்டு வாங்கிய உடைந்த சீப்புகளை, அதைக் கரைக்கிற அசிட்டோன் திரவத்தில் ஊறவைத்தேன். பாகு மாதிரி கரைந்தது. அவசரக்காரன் என்று திட்டுவாயே, அந்த அவசரம் இன்னும் போகவில்லை. வெடிப்பில் ஒரேயடியாக அப்பிவிட்டேன். காய்ந்ததும் சுருங்கி, வெடிப்பு மறுபடி வாயைத் திறந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் இன்னொன்று என்று முதலிலிருந்து தொடங்கினேன். சரியாக வந்தது. ஆனால் கை பிடிக்கிற இடத்தில் ஒரு வெடிப்பு மிச்சமிருக்கும்போது பாகு தீர்ந்துபோயிற்று.

வீட்டில் இருந்தது உன் சீப்பு ஒன்றுதான். அதே பழுப்பு நிறம்.

“அத்தை சீப்பையா கரைக்கப் போறீங்க மாமா? மனசு வருதா?” என்றாள் மருமகள்.

வரவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ என்ன சொல்வாய்?

அவளே வந்து வாங்கினாள். “அத்தை இருந்தா, ‘தலையே இல்லாம சீப்பு எதுக்கு, எடுத்துத் தொலை’ன்னு சொல்லியிருப்பாங்க.” இரண்டாக ஒடித்து டப்பாவில் போட்டாள். சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்று எனக்கு ஒரு அதட்டல் வேறு. உன்னிடம் குடித்தனம் பழகியவள் ஆயிற்றே.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றி, சனிக்கிழமை காலையில் வளையத்தை மாட்டினேன். இரும்புக்காரன் கேட்டிலேயே நின்றான். டாக்டரம்மா வளையம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்கய்யா வெடிப்பு?”

எனக்கே காட்டத் தெரியவில்லை, ராஜம்மா! இரும்புக்காரனைக் கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சந்தாபுராவில் ஒரு பிரசவம். பெண் குழந்தையாம்.

இப்போது அவர் உன் சீப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஊரெல்லாம் போகிறார். தெருவில் அந்த வண்டி வந்தால் நான் நிமிர்ந்து நிற்கிறேன்.

எந்த வெயிலில் அது மறுபடி வெடித்தாலும் நான் பூசுவேன். என் கை ஓடுகிற வரை அந்த வண்டியை யாரும் உடைக்க விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
முனுசாமி