மேடத்தின் அம்மா பெயர்

மார்ச் 3
பாப்பாவுக்குச் சளி. காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தேன், மனம் வரவில்லை. வைக்கோலை மக்கச் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அனுப்பியிருந்தேனே, அதன் மரபணு வரிசை வந்துவிட்டது. என்ன இனம் என்று நாளை ஒப்பிட வேண்டும்.
மாமியார் போனில் யாரிடமோ: "பெத்த புள்ள என்ன தின்னுச்சுன்னு தெரியாது, கிருமி என்ன தின்னுதுன்னு கேட்டா மட்டும் மடமடன்னு சொல்லுவா."
சுருக்கென்றது. உண்மைதானோ?

மார்ச் 4
எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம் பல வருடங்களுக்கு முன் கண்டுபிடித்து, இறந்துபோன தன் அம்மாவின் பெயரை வைத்தாரே, அந்த இனத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதற்கும் முன்பே வேறு யாரோ பெயரிட்ட இன்னொரு இனத்தோடும் பொருந்துகிறது. அப்படியானால் அந்த இரண்டும்—?
ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். ஒரே இனம்தான். அந்தக் காலத்தில் நிறத்தையும் தீனியையும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். மேடம் வைத்தது போய்விடும்.

மார்ச் 5
சொல்லவில்லை.

மார்ச் 8
கைக்குழந்தைக்காரி என்று எல்லோரும் தட்டிக்கழித்தபோது வேலை கொடுத்தவர் அவர். அடுத்த மாதம் அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேற எவனாவது கண்டுபிடிச்சுச் சொல்லத்தான் போறான். உனக்கு முன்னாடியே தெரியும்னு அப்ப தெரிஞ்சா?" என்றார்.
மாதிரிக் குழாய் மாறியிருக்குமோ? மாறியிருந்தால் தேவலை. என்ன புத்தி இது, நான் செஞ்சது தப்பா இருக்கணும்னு நானே வேண்டிக்கிறேனே.

மார்ச் 10
மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஃப்ரீசரிலிருக்கும் தன்னுடைய பழைய அசல் மாதிரியை வளர்த்து மறுபடி பார்க்கச் சொன்னார்.

மார்ச் 29
அதே முடிவு.
மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மாவுக்குக் கிருமின்னாலே அருவருப்பு. இருந்திருந்தா, 'என் பேர வைக்க உனக்கு வேற எதுவும் கிடைக்கலையாடி'ன்னு கேட்டிருப்பாங்க" என்றார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். கட்டுரையை என்னையே எழுதச் சொன்னார். கையெழுத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஏப்ரல் 6
வேலை ஒரு வருடம் நீட்டிப்பு. காலையிலேயே கையெழுத்தாகிவிட்டது.
மதியம் துறைக் கூட்டம். முடிவை மேடமே சொல்ல எழுந்தார். பாதியில், கைவிடப்போகும் அம்மாவின் பெயரே வாயில் வந்துவிட்டது. நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "மிச்சத்த நீ சொல்லும்மா" என்று உட்கார்ந்துவிட்டார்.
எழுந்து போனேன். முதலில் வைத்த பெயரைச் சொன்னேன்.