கடைசிப் பாட்டுக்கு முன் இரண்டு நிமிடம்

3 செப்டம்பர் 2018, திங்கள்

காலையில் ஏணி வைத்து கூரையோரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரினேன். அறுபத்தெட்டு வயதில் ஏணி ஏறுகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகவே பார்வையில் கேட்டாள்.

எங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சி விளம்பரத்துக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன்: ‘நார்த் வால். கிரிம்ஸ்பியில் தொடங்கி நாற்பத்தொரு வருடம். ரோலண்ட் பாட்டும் கிதாரும், ஆல்வின் பேஸ், மெர்வின் டிரம்ஸ்.’ கடைசி இரண்டு சொற்களை அடித்தேன். பிறகு மூன்றே பேர் கொண்ட குழு என்று எப்படி எழுதுவது? தாளைக் கசக்கிப் போட்டேன்.

மெர்வின் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. மாரடைப்பு. காருக்குப் பக்கத்தில், கையில் மளிகைப் பையோடு.

5 செப்டம்பர்

ரோலண்டும் நானும் லோர்னாவைப் பார்க்கப் போனோம். குழுவின் பெயர் மூவருக்கும் சொந்தம், ஒருவர் மறுத்தாலும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று இளவயதில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தோம். மெர்வினின் பங்கு இப்போது அவன் மனைவி லோர்னாவின் கையில்.

ரோலண்ட் அரை மணி நேரம் பேசினான். அவள் கேக் வெட்டிக்கொண்டே கேட்டாள். “பன்னெண்டு ஊருக்கு வெச்சுக்கோங்க. கடைசி நம்ம ஊர்லதானே? அன்னைக்கு வந்து கேக்கறேன். அது நார்த் வாலா இல்லையான்னு எனக்குத் தெரியும். அப்புறம் சொல்றேன்.”

வாசலில் என்னை மட்டும் நிறுத்தினாள். “ஆல்வின், அவர் முன்னாடியே ஏதாவது சொன்னாரா? நெஞ்சு வலி, மூச்சு, ஏதாவது? டாக்டர் கேட்டப்போ எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை.”

இல்லை என்றேன்.

6 செப்டம்பர்

ஒத்திகை, முதல் நாள். புது டிரம்மர் ஜனீன், நாற்பத்தி நாலு வயது. இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு லின்கனிலிருந்து காரோட்டி வருகிறாள். நன்றாகவே வாசிக்கிறாள். குறை அவளிடம் இல்லை. எந்தப் பாட்டில் எங்கே நுழைவது என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியவில்லை. நாற்பத்தொரு வருடம் ஒருவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

நிஜமாகவே சொன்னான். மெர்வினுக்கு ஒரு தனி மைக் உண்டு. காலால் ஒரு கட்டையை அழுத்தினால் அவன் பேசுவது எங்கள் காதில் மாட்டிய இயர்போனில் மட்டும் கேட்கும். கூட்டத்துக்குக் கேட்காது. திட்டுவான், எண்ணுவான், முன்வரிசையில் தூங்குகிறவனைக் காட்டிக் கொடுப்பான்.

இன்று காதுக்குள் அத்தனை அமைதி. பிடிக்கவில்லை.

7 செப்டம்பர்

ஜனீன் இன்று வரவில்லை.

சவுண்ட் பார்க்கும் டோபின், மிக்ஸரைச் சரிசெய்ய எங்கள் கடைசி நிகழ்ச்சியின் பதிவை ஓடவிட்டான். ஏப்ரல் மாத நாட்டிங்ஹாம். எல்லாரும் செய்வதுதான். எங்கள் இருவர் வாத்தியத்தையும் அடக்கிவிட்டு, கூடவே வாசியுங்கள் என்றான். மெர்வினின் பேச்சு மைக்கும் தனியாகப் பதிவாகியிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மூன்றாவது பாட்டு. நான் வழக்கம்போல வேகமெடுத்திருக்கிறேன். காதுக்குள்:

“ஆல்வின், ஓடாதடா. உன் பஸ் இன்னும் வரலை.”

விரல் நின்றுவிட்டது. ரோலண்டும் நின்றான். டோபின் அங்கிருந்து ஓடி வந்தான். “சாரி, சாரி. எடுத்துடறேன்.”

“தொடாதே,” என்றான் ரோலண்ட்.

மறுபடி ஓடவிட்டோம். ஆறாவது பாட்டில் ரோலண்டுக்கு இரண்டாம் சரணம் மறந்தது. ஏப்ரலிலும் அங்கேதான் மறந்தது. அவன் வாய் திறந்தபடி நிற்கும்போதே மெர்வின் சொன்னான்: “உப்புன்னு ஆரம்பி, கிழவா.” ரோலண்ட் உப்பு என்று ஆரம்பித்தான்.

பேய் பிசாசு ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்கிற இரண்டு கிழவர்கள். அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பதிவின் கடைசிவரை ஓடவிடவில்லை. நல்லவேளை.

12 செப்டம்பர்

இனி ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவன் குரல் எங்கள் காதில் ஓடும். ரோலண்டின் ஏற்பாடு. ஜனீன் காதில் தாளம் காட்டும் டிக் டிக் சத்தத்தை டோபின் அந்தப் பதிவின் நடையோடு கட்டிவிட்டான். அவள் அதன்படி வாசித்தால் மெர்வின் பேச்சு சரியான இடத்தில் விழும். அவளுக்குச் சொல்லவில்லை.

“பயந்து ஓடிருவா,” என்றான் ரோலண்ட்.

இன்று முழுப் பதிவும் ஓடியது. கடைசிப் பாட்டுக்கு முன் இருக்கும் அந்த இரண்டு நிமிடமும்.

எல்லாக் குழுக்களும் கடைசிப் பாட்டுக்கு முன் மேடையை விட்டு இறங்கும். கூட்டம் கத்தும், திரும்பி வருவோம். மெர்வின் மட்டும் இறங்க மாட்டான். இறங்கினால் திரும்ப ஏற முட்டி ஒத்துழைக்காது என்பான். விளக்கணைந்த மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருப்பான். நாங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று அவன் புலம்புவதைக் காதில் கேட்போம்.

நாட்டிங்ஹாமில் அவன் சொன்னது:

“இடது கை மரத்துப் போச்சுடா. தோள் வரைக்கும். லோர்னாகிட்ட மூச்சு விடாதீங்க.” கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. “சரி, வாங்க. முடிச்சுட்டுப் போயிருவோம். முடியுமில்ல?”

அங்கே எங்களுக்குப் பேச மைக் கிடையாது. நான் திரையோரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். முடியும் என்று. மூன்றாவது வாரம் அவனைப் புதைத்தோம்.

ரோலண்ட் தரையைப் பார்த்தான். நான் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். அந்தப் பகுதியை மட்டும் வெட்டு என்று டோபினிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்பான்.

28 செப்டம்பர், முதல் நிகழ்ச்சி

பிரமாதமாக வாசித்தோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிரமாதம்.

பிறகு திரையோரம். மூன்று பேரும் இறங்கி நிற்கிறோம். மேடையில் யாரும் இல்லை. ஜனீன் துண்டால் கழுத்தைத் துடைக்கிறாள். இருட்டில், காலி இருக்கையிலிருந்து, கை மரத்துப் போச்சுடா என்கிறான்.

என் கட்டைவிரல் தானாக எழும்பியது. நான் தூக்கவில்லை. சத்தியமாக நான் தூக்கவில்லை.

5 அக்டோபர், லீட்ஸ்

ஜனீன் கண்டுபிடித்துவிட்டாள். முட்டாள் இல்லை அவள்.

“இந்த டிக் டிக் மிஷின் மாதிரி அடிக்கலை. பல்லவிக்கு முன்னாடி மூச்சு வாங்குது. நாலாவது பாட்டுல களைச்சுப் போகுது. யாரோட நடை இது?” என்றாள். “நீங்க ரெண்டு பேரும் தினமும் ஒரே இடத்துல சிரிக்கறீங்க. அந்த ரெண்டு நிமிஷம் என் இருக்கையவே வெறிச்சுப் பாக்கறீங்க. அங்க நான் இல்லை. நான் உங்க பக்கத்துல நிக்கறேன். உங்க காதுல என்ன ஓடுது?”

டோபின் இயர்போனை நீட்டினான். முழுவதும் கேட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

“கை மரத்துப் போச்சுன்னு சொல்றாரே. அப்புறம் வாசிச்சீங்களா?”

“அவன் எப்பவும் ஏதாவது புலம்புவான்,” என்றான் ரோலண்ட்.

“நான் அதைக் கேக்கலை.”

“வாசிச்சோம்,” என்றேன்.

வெகுநேரம் குச்சிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, “என் காதுலயும் போடுங்க. தெரியாம ஒருத்தரோட தாளத்துக்கு ஆட என்னால முடியாது,” என்றாள்.

9 அக்டோபர்

தூக்கம் இல்லை. இரண்டாவது விஸ்கியும் பலிக்கவில்லை.

14 அக்டோபர்

ரோலண்ட் காலை உணவின்போது சொன்னான்: “நேத்து அவன் கொஞ்சம் வேற மாதிரி சொன்னான். கவனிச்சியா?”

“அது பதிவுடா.”

“தெரியும்.” முட்டையைக் கிளறிக்கொண்டே இருந்தான். “முடியுமில்லன்னு கேக்கறதுக்கு முன்னாடி முன்னெல்லாம் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான்.”

நானும் கவனித்திருந்தேன். சொல்லவில்லை.

20 அக்டோபர், சனி, கிரிம்ஸ்பி

எங்கள் ஊர். அரங்கம் நிறைந்துவிட்டது. லோர்னா பச்சைக் கோட்டில் வந்தாள்.

நாங்கள் ஒருவருமே யோசிக்காதது இதுதான். லோர்னா வந்தால் மேடையோரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் ஒரு உபரி இயர்போனும் கொடுப்பது இருபது வருட வழக்கம். கணவன் அடிக்கும் கிண்டலைக் கேட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். நாட்டிங்ஹாமுக்கு மட்டும் அக்கா வீட்டுக்குப் போனதால் வரவில்லை. இன்று மேடைக்காரர் ஒருவர், பழக்க தோஷத்தில், மரியாதையாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது பாட்டு. அவள் கை காதில் இருந்தது. முகம்... அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தாள். அதுதான் பயங்கரம். மீதிப் பாட்டு முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். நிறுத்தச் சொல்லி டோபினுக்குச் சைகை காட்டினேன், அவன் கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்தான்.

விளக்கு அணைந்தது. இறங்கி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம். மெர்வின் சொன்னான். லோர்னாகிட்ட மூச்சு விடாதீங்க என்று அவள் காதிலேயே சொன்னான்.

அவள் மேடையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் மேலே நின்றுகொண்டிருந்தது.

பிறகு நாங்கள் போய்க் கடைசிப் பாட்டை வாசித்தோம். ஆமாம், வாசித்தோம்.

21 அக்டோபர்

காலையில் அவளே வந்தாள். உட்காரவில்லை. ரோலண்டையும் வரவழைத்திருந்தாள்.

“மூணு வாரம் இருந்துச்சு,” என்றாள். “மூணு வாரத்துல நான் அவரைத் தூக்கிட்டுப் போயாவது ஆஸ்பத்திரியில போட்டிருப்பேன்.”

ரோலண்ட் அழுதான். எனக்கு அது கூட வரவில்லை.

“பேரை வெச்சுக்கோங்க. எவ்வளவு ஊர் வேணுமோ வாசிங்க. ஆனா அவர் பேச்சுல ஒரு வார்த்தை வெட்டக் கூடாது. தினமும் அந்த ரெண்டு நிமிஷம் ஓடணும். முடிஞ்சதும் எனக்கு ஒரு செய்தி போடு, ஆல்வின். கடைசிப் பாட்டு வாசிச்சீங்களான்னு.”

“எதுக்கு லோர்னா?”

“எனக்குத் தெரியணும்.”

பெயர் கிடைத்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடு?

3 நவம்பர்

ஹாலந்திலும் ஜெர்மனியிலும் பதினாறு ஊர் சேர்த்துவிட்டார்கள். இன்று வாசித்தோம். ‘வாசிச்சோம்’ என்று அனுப்பினேன். ‘சரி’ என்று வந்தது.

7 நவம்பர்

வாசிச்சோம். சரி.

10 நவம்பர், ப்ரேமன்

வாசிச்சோம். சரி.

ஜனீன் வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அவர் முடியுமான்னு உங்களைத்தான் கேக்கறார். தினமும் கேக்கறார். நீங்க தினமும் முடியும்ங்கறீங்க,” என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. தாளம் தப்புவதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

14 நவம்பர்

இப்போதெல்லாம் குளிக்கும்போதும் இயர்போன் மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கிறது. மூச்சு கேட்கிறது. என் மூச்சாகவும் இருக்கலாம்.

17 நவம்பர், சனி, க்ரோனிங்கன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினாலு பாட்டும் வாசித்தோம். இறங்கினோம். கூட்டம் தரையை மிதித்துக் கத்தியது. இருட்டிலிருந்து மெர்வின், இடது கை மரத்துப் போச்சுடா என்றான். லோர்னாகிட்ட மூச்சு விடாதீங்க என்றான். மூச்சு. நீளமான மூச்சு. முடியுமில்ல?

“முடியாது மெர்வ்,” என்றேன். வாய்விட்டு, சத்தமாக. “முடியாதுடா. போதும், எழுந்திரு.”

பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். ரோலண்ட் என்னைப் பார்த்தான். பிறகு அவனும் கிதாரைக் கழற்றினான். ஜனீன் குச்சிகளைப் பைக்குள் போட்டு மூடினாள். டோபினுக்கு ஒன்றும் புரியவில்லை, பதிவை நிறுத்தவும் தோன்றவில்லை. எங்கள் காதில் மெர்வின் நாலு எண்ணினான். ஐந்தரை நிமிடம் அவன் தாளம் ஓடியது. மேடையில் ஒருவரும் இல்லை. நாங்கள் மூவரும் நடைவழித் தரையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டோம். முடிந்ததும், “பரவால்ல ஆல்வின், இன்னைக்கு நீ ஓடலை,” என்றான்.

கூட்டம் வெகுநேரம் கூச்சல் போட்டுவிட்டுக் கலைந்தது.

‘வாசிக்கலை’ என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. போன் அடித்தது.

“வாசிக்கலையா?”

“இல்லை லோர்னா.”

“அவர் சொன்னதும் நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்திட்டோம்.”

அவள் அழுகிறாளா என்று உற்றுக் கேட்டேன். இல்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு மிகச் சாதாரணக் குரலில், நாற்பது வருடம் எங்களிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்:

“சரி. குளிர்ல நிக்க வைக்காம அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

வருகிறோம் என்றேன்.

மீதி ஊர்களுக்கு ரோலண்ட் தகவல் சொல்லிவிட்டான். நாளை மாலைக் கப்பல், மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹல் துறைமுகம். டிக்கெட் எடுக்கும்போது அவன் நாலு பேருக்கும் டோபினுக்கும் என்றுதான் சொன்னான். யாரும் திருத்தவில்லை.