மேடை மைக் மட்டும்

மே 3

கிராம சபை வீடியோவை இன்றுதான் முழுக்கப் பார்த்தேன். நான் எடுத்ததுதான், மோசமில்லை. மேடைக்கு ஒரு மைக், கீழே உட்கார்ந்த ஜனங்களுக்கு ஒரு மைக். ஒரே ஃபைலில் இரண்டும் தனித்தனி ஒலித்தடம். ஊற்றுச் சரிவை விடுதி கட்டக் கொடுக்கும் பேச்சு வந்ததும் பாஞ்சாலி அக்கா எழுந்து, "எங்க மாடு இன்னாத்தக் குடிக்கும்? குடுக்க மாட்டோம்" என்றது தெளிவாகக் கேட்கிறது. பின்னாலேயே ஊர் முழுக்க "மாட்டோம்". ஆனால் தீர்மானத்தில் ‘ஒருமனதாக’ ஏற்றதாக எழுதிவிட்டார்களாம். எழுதட்டுமே. வீடியோ நம் கையில்.

மே 19

தீர்மானத்தை எதிர்த்து ஊர் கொடுத்த மனுவின் விசாரணைக்கு வீடியோ வேண்டும், சின்ன ஃபைலாக. என் கம்ப்யூட்டரிலோ கல்யாண வீடியோ அடைத்து இடமே இல்லை. கருப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை: எல்லாவற்றையும் சுருக்கு, சுருக்கியதும் பழையதை அழி. தட்டிவிட்டுச் சந்தைக்குப் போய்வந்தேன். படம் பளிச்சென்று இருக்கிறது.

மே 20

ஐயோ. சுருக்கியதில் ஜனங்க மைக் தடம் இல்லை.

மே 21

எந்த ஒலித்தடம் வேண்டுமென்று சொல்லாவிட்டால் சுருக்கும் மென்பொருள் தானே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் — சேனல் அதிகமுள்ளதை. மேடை மைக் ஸ்டீரியோ, இரண்டு சேனல். ஜனங்க மைக் மோனோ, ஒன்றே ஒன்று. எல்லாத்தையும் எடு என்று சொல்ல ஒரு ‘-map 0’ போதும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஏன்டி, அழிக்கிறதுக்கு முன்ன ஒருதரம் கேட்டுப் பாத்தா இன்னா?

மே 24

வேலூருக்குப் போய், அழிந்ததை மீட்கும் கடையில் காட்டினேன். "அதே எடத்துல வேற ஃபைல் எழுதிட்டீங்களே மேடம்." அவ்வளவுதான்.

ஜூன் 2

பாஞ்சாலி அக்கா பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தார். "நீ இருக்கறப்போ எங்களுக்கு இன்னா பயம், சுதா?"

சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எங்க பேச்சு மட்டும் போய்ட்ச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஜூன் 11

விசாரணை. பெரிய டிவியில் ஓடியது. அக்கா எழுகிறார், கை நீட்டுகிறார், வாய் அசைகிறது — சத்தம் இல்லை. மேடைக் குரல் மட்டும் கணீர்: "எதிர்ப்பு யாருக்கும் இல்ல. ஒருமனதா நிறைவேறுது."

அக்காவின் வீட்டுக்காரர் துரைக்கண்ணு அண்ணன், "வாயப் பாருங்க சார், மாட்டோம்னுதான் சொல்லுது" என்றார். எதிர்ப்பக்கத்தார் சிரித்தார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றீங்கம்மா. வீடியோ அப்படிச் சொல்லலையே. வந்தவங்க கையெழுத்து வேற இருக்கு."

எங்கள் சாட்சியே எங்களுக்கு எதிராக. சொந்தக் காசில் சூனியம்.

ஜூலை 4

ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மாடுகளைக் கீழ் ஓடை வரைக்கும் ஓட்டிப் போகிறார்கள். அந்தப் பக்கம் நான் போவதில்லை. எந்த முகத்தோடு போவது?

ஜூலை 20

கல்யாண ஆர்டர் ஒன்றை வேண்டாமென்றேன். கேமராவைத் தொடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15

மறுபடி கிராம சபை. அக்காவே கூப்பிட்டனுப்பியதால் போனேன். ஜனங்க மைக்கை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"அன்னிக்கு எந்த மைக்கு பேச்சு அழியாம நின்னுச்சி?"

"மேடை மைக்கு, அக்கா."

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேடையேறினார். "கீழ நின்னு பேசும்மா" என்றார்கள். பிடித்த மைக்கை விடவில்லை. பின்னாலேயே துரைக்கண்ணு அண்ணன், அவர் பின்னால் மற்றவர்கள். மேடையில் நிற்க இடமில்லை; கீழே ஒருவரும் இல்லை.

ஊற்றில் வேலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தடத்தையும் தனித்தனியாகப் போட்டுக் கேட்டேன். மேடை மைக்கில் ஊரே பேசுகிறது. ஜனங்க மைக்கில் இன்று ஒன்றுமே பதிவாகவில்லை.