மொதல்ல ஒறவச் சொல்லிடு

செஞ்சி,
அமாவாசைக்கு மொத நாள்.

என் தங்கம் வெண்மதிக்கு அத்தை மாரியம்மாள் எழுதுறது. மலையனூர் அங்காளம்மா புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லாருக்கோம். உன் நைனாவுக்குத்தான் சோறு எறங்கல. போன் போட்டா நீ எடுக்கமாட்டேங்குற, அதான் கடுதாசி. சாப்டியாம்மா?

நைனா எல்லாத்தையும் சொல்லிடுச்சி. மூட்டுவலி மாத்திரையப் பத்தி நீ எழுதுன ஆராய்ச்சி, டாக்டருங்க படிக்கிற பத்திரிகையில வந்துதே, அதுக்கு அடியில "கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு போட்டுட்டியாமே. அந்தக் கம்பெனிக்காரன்தானே உன்ன சிங்கப்பூருக்குக் கூட்டிம்போனான்? இப்ப திருத்தி எழுதணும்னு நீ சொல்ற. உங்க பெரிய டாக்டரு, "கம்முனு கெட, இல்லாட்டி வேலைய மறந்துடு"ங்கறாராம். கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே டென்ஷன். வெளக்கேத்தப் போறேன், எண்ணெய ஊத்துறேன், திரி போட மறந்துட்டு நிக்கிறேன்.

ஏன்னா, தெரு பூரா அந்த மாத்திரையப் பரப்புனவ நாந்தான். "எங்க அண்ணன் பொண்ணு சோதிச்சிப் பாத்து எழுதிருக்கா"ன்னு அவலூர்பேட்ட பஸ்சுல கூட சொல்லிக்கினு போனேன். எதிர்வூட்டு ஜெயக்கொடி அத கேட்டுத்தான் டாக்டராண்ட எழுதி வாங்கி முழுங்குறா. நேத்து, "இன்னா மாரி, உங்க வெண்மதி சொன்னா சரியாத்தானே இருக்கும்?"ன்னா. தலைய ஆட்டிட்டு உள்ள வந்துட்டேன்.

மாத்திரை நெஜமாவே நல்லதுதான்னு நைனாகிட்ட அழுதியாமே. இருக்கட்டும் தாயி. ஒரு பையனுக்கு நான் பொண்ணு கேட்டுப் போனா, "இவன் என் ஓரகத்தி புள்ள"ன்னு மொதல்ல சொல்லிட்டுத்தான் அவன் கொணத்தப் பேசுவேன். கேட்டவங்க அதுக்குத் தக்கன இன்னும் நாலு பேர விசாரிச்சிப்பாங்க. மறைச்சிட்டா, பையன் தங்கமாவே இருந்தாலும் அப்புறம் நம்ம பேச்ச எவ நம்புவா?

வேலை போனா வூட்டுக்கு வா. உன் படிப்ப எவனும் புடுங்கிக்க முடியாது.

நீ சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்த ஊதாப் புடவய நாளைக்குக் கோயிலுக்குக் கட்டலாம்னு எடுத்தேன். திரும்ப பீரோவுலயே வெச்சிட்டேன். உம்மேல கோவம்னு நெனைக்காத.

அங்காளம்மா உன் கூடவே நிப்பா. திருத்தத்த அனுப்பிட்டு ஒரு மிஸ்டு கால் குடு, போதும். அந்தப் புடவயக் கட்டிக்கினு நேரா ஜெயக்கொடி வூட்டுக்குப் போவேன். இது எந்தக் கம்பெனிக்காரன் கூட்டிம்போன ஊர்ல வாங்குனதுன்னு மொதல்ல சொல்லிட்டுத்தான் உக்காருவேன்.

போன் பக்கத்துலயே இருக்குற,
உன் அத்தை
மாரியம்மாள்