உன் பெயரால் மூடிய பள்ளம்

என் அன்பு அண்ணாத்தே,

நீ இருந்தவரை உன்னோடு சண்டை போடாமல் ஒரு நாள் போனதில்லை. செத்துப்போனால் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா?

நெமிலிச்சேரியில் நம் தெருக்கோடியில் நீ வெட்டிய மழைத்தோட்டம் இப்போது இல்லை. மூடிவிட்டோம். மேலே பேவர் பிளாக் பதித்து, நடுவில் ஒரு கருங்கல்லில் உன் பெயரைப் பொறித்து, 'நினைவுப் பூங்கா' என்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இறங்க நீ விட்ட இடத்துக்கு உன் பெயரையே மூடியாகப் போட்டுவிட்டார்கள். சிரிக்கிறாயா? எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. நீ மூச்சுக்கு மூச்சு மழைத்தோட்டம் என்றாய். அடியில் ஜல்லி, மேலே மணல், அதில் வெட்டிவேரும் கல்வாழையும். தெருத் தண்ணீர் அங்கே போய் மண்ணுக்குள் இறங்கும் என்றாய். தெரு அதைப் 'பள்ளம்' என்றது. நம் ஊரில் பள்ளம் என்றால் சும்மா விடுவார்களா? ரோட்டை உயர்த்துவார்கள், வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள், பள்ளத்தைக் கண்டால் ரப்பிஷ் கொட்டுவார்கள்.

நீ போன பிறகு வந்த முதல் பெருமழையில் தோட்டம் நிரம்பி வழிந்து என் வீட்டுக்குள் வந்தது. தெருவிலேயே தாழ்ந்த வீடு என்னுடையதுதானே. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நின்றார். "இன்னாமா, உங்க அண்ணன் வெட்ன பள்ளம் உங்க ஊட்டையே மூழ்கடிச்சிக்கினு கீது. மூடிட்டு அவரு பேர்லயே ஒரு பார்க் வெச்சிரலாம்."

உன் பெயர் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. 'பள்ளத்தை மூடித்தர வேண்டி' என்ற மனுவில் முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? என்னுடையதுதான். திட்டு, நல்லாத் திட்டு.

இந்த ஐப்பசியில் அதே மாதிரி மழை. தண்ணீர் வந்தது, போகவே இல்லை. மூன்று நாள் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தேன். உன் பெயர் போட்ட கல்மேல் முழங்கால் தண்ணீர் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின தடவை தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் மறுநாள் மத்தியானமே வடிந்துவிட்டதே, அதை ஏன் ஒருத்தரும் பேசவில்லை? நான் ஏன் பேசவில்லை?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அந்த ஒரு தோட்டம் பத்தாது என்று உனக்குத் தெரியும். கட்டட வேலைக்கு லெவல் பார்க்கிறவன் ஆயிற்றே நீ. மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை, அதான் உன் டியூப் லெவலை, கையில் பிடித்துக்கொண்டே சொன்னாய்: "தோ பாரு, இது நேத்து வரைக்கும் பேஞ்ச மழைக்கு வெட்னது. இனிமே மாசம் பூரா பேயறத ஒரே நாள்ல ஊத்தும். அதுக்கு ஊட்டுக்கு ஊடு ஒண்ணு வோணும். உன் வாசல்லயே ஆரம்பிக்கலாமா?"

நான் என்ன சொன்னேன்? "போ அண்ணாத்தே, இப்பதான் டைல்ஸ் போட்டேன். ஸ்கூட்டிய எங்க நிறுத்தறது?"

நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். ஏன் சிரித்தாய்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

திரும்பத் தோண்டலாம் என்று போன வாரம் செயலாளரிடம் கேட்டேன். "செத்தவரு பேரு போட்ட கல்லுமா. அத்தப் போயி பேத்தெடுக்கச் சொல்றியே, பாவம்மா" என்கிறார். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

நேற்றுக் காலை கடப்பாரையால் என் வாசல் டைல்ஸை உடைத்தேன். ஸ்கூட்டி தெருவில் நிற்கிறது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஊட்டு முன்னாடியே பள்ளம் தோண்டிக்கினு கீறே?"

"பள்ளம் இல்லடி, மழைத்தோட்டம்" என்றேன். என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ கேட்கத்தான் இல்லை.

வரப்போகிற மழைக்கு இந்த ஒரு வாசல் எந்த மூலைக்கு? அவள் வாசலையும் உடைக்க வைக்காமல் விடமாட்டேன். அப்புறம் தெருக்கோடி. தண்ணீர் உள்ளே விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் ஒரு கல் வேண்டும் என்பாயே, அங்கே உன் கல்லையே பெயர்த்துப் போடுவேன். உன் பெயர்மேல் தண்ணீர் ஓடட்டும் அண்ணாத்தே, நிற்க வேண்டாம்.

அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட அதே கையால்,
உன் தங்கச்சி தேவகி