பெரிய டீச்சர் நின்ற மாதிரி

முதலிபாளையம்,
13.3.2006

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

கோமளா எழுதுகிறேன். சூரத்தில் நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவின் முட்டி வலிதான் விட்டபாடில்லை.

எங்கள் பனியன் கம்பெனியில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். பாத்ரூம் போக, முப்பது பேர் தைக்கும் லைனுக்கு ஒரே டோக்கன் என்று மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். ஆண்கள் பார்க்க அதைப் போய் எடுக்கக் கூசி, நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். போன வாரம் பக்கத்து மெஷின் மருதாள் அக்கா மயங்கி விழுந்தார். நீர்க்கடுப்பு முற்றிவிட்டது என்றார் டாக்டர்.

மறுநாள் மேனேஜர் வந்தபோது நம் பெரிய டீச்சர் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் நம் இருவரையும் பஞ்சாயத்துக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனாரே, பிரிசில்லா டீச்சர். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று, "எங்க புள்ளைங்க ஒண்ணுக்குப் போக எடமில்லீங்க. வயசுக்கு வந்ததும் படிப்ப நிறுத்திக்கறாங்க. கட்டிக் குடுங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் குரலை உயர்த்தவுமில்லை, உட்காரவுமில்லை. நாம்தான் அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்தோம். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது கழிப்பறை தயாராக இருந்தது.

நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். "ஏனுங்க சார், டோக்கனுக்குப் பயந்து நாங்க தண்ணி குடிக்கறதில்லீங்க. அத எடுத்துருங்க" என்றேன். வேலை வேண்டாமா என்று கேட்டார். வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தால் லைனில் ஒரு மெஷினும் ஓடவில்லை. வாயே திறக்காத பூவாத்தாள்கூட எழுந்து நிற்கிறாள்.

மத்தியானத்துக்குள் டோக்கன் போய்விட்டது. மேனேஜர் இன்னும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. மருதாள் அக்கா தேறி வருகிறார்.

நேற்று ஊத்துக்குளிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகி, தலை முழுக்க வெளுத்துவிட்டது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "ஜெயசுதா எப்படி இருக்கறா கண்ணு?" என்றார். உன் பெயரில் வரும் கடிதங்கள் இப்போது உன் வீட்டுக்காரர் கையெழுத்தில் இருக்கின்றன. சௌக்கியம் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இருப்பதில்லை.

அதனால்தான் இதைத் தபாலில் போடாமல், துணி எடுக்க சூரத் வரும் லிங்கசாமி அண்ணனிடம் கொடுத்து, உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன். அவர் சனிக்கிழமை ரயிலில் திரும்புகிறார். உனக்கு வர வேண்டும் என்றிருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு கிளம்பிவிடு. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இடமும் இருக்கிறது.

சிவன்மலை முருகன் உன்னோடு இருக்கட்டும்.

உன்
கோமளா