ருஃபோ சொல்லாமல் விட்ட பெயர்

இலோயிலோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மெர்லி,

இங்கே நான் நலம். ரியாத்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சமையலறைக் கூரை ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. உன் தங்கை அனுப்பிய மாம்பழமும் வந்து சேர்ந்தது.

ஐந்து நாளாக நீ அழைத்தும் நான் எடுக்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை, வேலைப்பளுவும் இல்லை. வானொலியில் வாயை வைத்துப் பிழைக்கிற எனக்கு உன்னிடம் வாய் திறக்கக் கூசியது. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

செவ்வாய்க்கிழமை என் நிகழ்ச்சியை நீயும் உன் வார்டு நர்சுகளும் இணையத்தில் சேர்ந்து கேட்டிருப்பீர்கள். ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டும் நம் ருஃபோ போனில் பேசினான். ஹாரோ சந்தைப் பக்கம் நெரிசல் என்றான். நான் வழக்கம்போல, யாருக்கெல்லாம் வணக்கம் சொல்லணும் என்று கேட்டேன். மனைவி லிலிபெத், மூத்தவள், நடுவுள்ளவள், மாமியார் என்று அடுக்கிக்கொண்டே போனான். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. நான் சட்டென்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன்.

அவன் வண்டியில் அடிபட்டது நெனித்தா அம்மாள். சந்தை வாசலில் இலைப்பொதிச் சோறு விற்பவர். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். இனிமேல் கூடை தூக்கி நடப்பது சந்தேகம்தான். ருஃபோ காவலில் இருக்கிறான்.

உங்கள் காதில் விழாத ஒன்று இருக்கிறது. ஒலிபரப்பில் சேர்க்கும் முன் அவன் என்னிடம், "அண்ணே, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், வளைவு வருது. நெரிசலை மட்டும் சொல்லிட்டு வெச்சிடுறேன். வணக்கமெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். நான் விட்டேனா? "வெள்ளம் வந்தப்ப நான் ஒத்தக் கையால காரை ஓட்டிக்கிட்டே போன்ல முழு நிகழ்ச்சியும் நடத்தலையாடா? பொண்டாட்டி பேரைச் சொல்லாமப் போனா இன்னைக்கு உனக்குச் சோறு கிடையாது" என்றேன். அவன் சிரித்துவிட்டு, சரி அண்ணே என்றான்.

அந்த வெள்ள நாளில் நீ எப்படித் திட்டினாய் என்று நினைவிருக்கிறது. "நீ ஒருத்தன் மட்டும் ஓட்டலைய்யா, உன் பேச்சைக் கேக்குற அத்தனை பேரும் அப்படித்தான் ஓட்டுவாங்க" என்றாய். மறுநாள் அதையே நிகழ்ச்சியில் உன் குரலில் பேசிக் காட்டினேன். ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

போலீஸ் விசாரித்தால், அவன் ஓட்டுகிறான் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடு என்றார் வானொலி நிலைய மேலாளர். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டதாக என்னிடம் பொய் சொன்னதாக ருஃபோவே எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னைக் காப்பாற்றத்தான். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை உன்னிடம் சொல்லத்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

நேற்று லிலிபெத்தைப் பார்க்கப் போனேன். செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். கடைக்குட்டி அய்ரா என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அப்பா எல்லார் பேரையும் சொன்னாரு, என் பேரை மட்டும் மறந்துட்டாருன்னு நாலு நாளா அழுவுறா. மறக்கலடி, அதுக்குள்ள ஆயிடுச்சுன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க ஒருதடவை ரேடியோவுல அவ பேரைச் சொல்லிடுங்கண்ணே" என்றாள் லிலிபெத். வேறு எதுவும் கேட்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனேன். அவன் என்னிடம் சொன்னதையும் நான் அவனிடம் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக் கொடுத்தேன். நாளைக் காலை நிகழ்ச்சியிலும் அதையே சொல்லப்போகிறேன். மேலாளருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார். சொல்லி முடித்ததும் அய்ராவுக்கு அவள் அப்பாவின் வணக்கத்தைச் சொல்வேன். அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலை இருக்காது. என் சம்பளம் நின்றால், கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டுக்கு வருவதும் தள்ளிப்போகும். என்னை மன்னித்துவிடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களிடமெல்லாம், இது என் வீட்டுக்காரர் குரல் என்று பெருமையாகச் சொல்வாயே. நாளைக்கு யாராவது இது அவர் குரல்தானா என்று கேட்டால், முடிந்தால், ஆமாம் என்று மட்டும் சொல்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

தலைகுனிந்து,
உன் லியாந்த்ரோ